நார்மல்னு எடுத்த ரத்தம்

நாத்தனார்: …கத்தாதீங்க அண்ணி, ஆஸ்பத்திரி இது. டோக்கன் கொடுக்கற பொண்ணு நம்மளையே பாக்குது.

அண்ணி: பாக்கட்டும். சொந்த அண்ணன் பொண்ண ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போய், ஊசி குத்தி ரத்தம் எடுத்தவ இவதான்னு நானே எழுந்து நின்னு சொல்லட்டுமா?

நாத்தனார்: ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேனே.

அண்ணி: வாயில நல்லா வந்துடும்.

நாத்தனார்: ரெண்டு வாங்கித் தந்தேன்.

அண்ணி: அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். பல்லு போயிடும்னு ஒரு சாக்லேட் வாங்கித் தர மாட்ட. அன்னிக்கு மட்டும் என்ன திடீர்னு அத்தைப் பாசம் பொங்குதுன்னு… ஏய் வாலு! மீன் தொட்டிக்குள்ள கைய விடாத! இறங்குடி கீழ!

நாத்தனார்: எப்படி ஏறி இறங்கறா பாருங்க. உடம்புல ஏதாவது இருந்தா இந்த ஆட்டம் ஆடுவாளா?

அண்ணி: அதான் எனக்கும் புரியல. புள்ளையப் பாத்தா ஒண்ணுமே இல்ல. நீ நேத்து கொண்டாந்த காகிதத்தப் பாத்தா எல்லாமே இருக்கற மாதிரி இருக்கு. நான் எத நம்பறது?

நாத்தனார்: காகிதம் நோய்னு சொல்லல அண்ணி. ஆன்டிபாடி இருக்குன்னு சொல்லுது.

அண்ணி: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் ஒண்ணும் லேப்ல வேலை பாக்கல. நாள் பூரா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறவ. எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

நாத்தனார்: சரி… நம்ம உடம்புல காவலுக்குன்னு ஆளுங்க இருக்காங்கன்னு வச்சுக்குங்க. கிருமி வந்தா அடிப்பாங்க. அதுல சில பேரு நம்ம உடம்பையே பாத்து முறைக்கறாங்கன்னு இந்த டெஸ்ட் சொல்லுது. முறைக்கறாங்க, அவ்வளவுதான்.

அண்ணி: அடிச்சுட்டாங்களா?

நாத்தனார்: அது இதுல தெரியாது.

அண்ணி: இனிமே அடிப்பாங்களா?

நாத்தனார்: தெரியாது.

அண்ணி: எப்பதான் தெரியும்?

நாத்தனார்: …அதுவும் தெரியாது.

அண்ணி: தெரியாது தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குடி ஒரு டெஸ்ட்டு?

நாத்தனார்: கிட்டுக்காகன்னு நேத்தே சொன்னேனே அண்ணி.

அண்ணி: நேத்து என் காதுல என்ன ஏறிச்சு? "வாலு"ன்னு ஒரு வார்த்த. "பாசிட்டிவ்"னு ஒரு வார்த்த. அதுக்கப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. மறுபடி சொல்லு.

நாத்தனார்: லேபுக்குப் புதுசா ஒரு டெஸ்ட் கிட் வந்துச்சு. அது சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்னா, நோய் நொடி இல்லாத பத்துப் பேரோட ரத்தத்தப் போட்டுப் பாக்கணும். பத்தும் நெகட்டிவ்னு வரணும். நாங்க வேலை செய்யறவங்களே ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். ஒம்பது பேரு சேந்துட்டோம்.

அண்ணி: பத்தாவதுக்கு என் புள்ள.

நாத்தனார்: நல்லா ஓடி ஆடற புள்ளையாச்சேன்னு…

அண்ணி: என் பொண்ணு என்ன உங்க லேபுக்கு நேந்து விட்ட ஆடா? ஒரு வார்த்த கேட்டியா எங்கிட்ட?

நாத்தனார்: கேட்டா வேணாம்னுதான சொல்லியிருப்பீங்க?

அண்ணி: சொல்லியிருப்பேன்.

நாத்தனார்: அதான் கேக்கல.

அண்ணி: நல்லா இருக்குடி உன் நியாயம்! …இரு இரு. பத்தும் நெகட்டிவ்னு வந்தாதான் கிட்டு சரின்ன. ஒண்ணு பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்ப கிட்டுதான தப்பு?

நாத்தனார்: அண்ணி…

அண்ணி: கிட்டுதான் தப்பு! இத ஏன் நேத்தே சொல்லல? ஒரு தூக்கம் இல்ல, ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம். வாலு! செருப்பு எங்கடி?

நாத்தனார்: பழைய கிட்லயும் போட்டுப் பாத்துட்டேன் அண்ணி. ரெண்டு தடவ. உக்காருங்க.

அண்ணி: ரெண்டு தடவையும் வந்துச்சா?

நாத்தனார்: ம்.

அண்ணி: டைட்டர் எவ்வளவு? ரெண்டுலயும் ஒரே மாதிரியா?

நாத்தனார்: அளவு நூத்தி அறுபது. ரெண்டுலயும்.

அண்ணி: பேட்டர்ன்? …என்ன அப்படிப் பாக்கற? நெட்ல பாத்தேன். நீ போனப்புறம் உக்காந்து பாத்தேன். அதுல இதெல்லாம் கேக்கச் சொல்லிப் போட்ருக்கு.

நாத்தனார்: நான் ஒண்ணும் கேக்கலையே.

அண்ணி: உன் முழி கேக்குது.

நாத்தனார்: அண்ணி, போன் அடிக்குது பாருங்க. அண்ணன்.

அண்ணி: ஐயோ! நீ பேசு.

நாத்தனார்: உங்க புருஷன், நீங்க பேசுங்க.

அண்ணி: உங்க அண்ணன், நீ பேசு! எனக்குக் குரல் நடுங்கும், கண்டுபிடிச்சிடுவாரு.

நாத்தனார்: …அலோ, அண்ணா. ஆமா, அண்ணி கூடத்தான் இருக்கேன். இல்ல, சும்மா… வாலுவுக்குச் செருப்பு வாங்க வந்தோம். ஆமா, ஸ்கூலுக்குப் போடறது. கறுப்பு. …சத்தமா? அது பக்கத்துல ஒரு குழந்தை அழுது. செருப்பு கடிக்குதாம். …சரி. நீ ஏணியில நின்னுட்டு போன் பேசாத, நீ மாட்டற ஏசி எங்கயும் ஓடிப் போயிடாது. வச்சுடறேன்.

அண்ணி: செருப்பு கடிச்சு அழுதா?

நாத்தனார்: அந்தப் புள்ள டாக்டர் ரூமுக்குள்ள கத்தறது அண்ணனுக்குக் கேட்டுடுச்சு, நான் என்ன பண்ண? இப்ப செருப்பு வேற வாங்கணும்.

அண்ணி: அவருகிட்ட நான் எப்படிச் சொல்லப் போறேன்னே தெரியல. அவரு வீட்ட ரெண்டாக்கிடுவாரு.

நாத்தனார்: முதல்ல டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாப்போம். நம்ம டோக்கன் கூப்பிடறாங்க. வாலு, வாடி!

*

டாக்டர்: வாங்க, உக்காருங்க. யாரு பேஷண்ட்?

வாலு: நான் இல்ல.

டாக்டர்: பின்ன யாரு?

வாலு: அத்தைதான் எனக்கு ஊசி குத்தினாங்க. நீங்க அவங்களுக்குக் குத்துங்க.

டாக்டர்: கேஸ் நியாயமாத்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி இங்க வா, இந்தப் படியில ஏறி நில்லு. …எந்தக் காகிதம்? இதுவா? ஏ.என்.ஏ. ஆன்டிபாடி பாசிட்டிவ். ஒண்ணுக்கு நூத்தி அறுபது. வயசு ஏழு… இதுல எழுதிக் கொடுத்த டாக்டர் பேரக் காணோமே. யாரு இந்த டெஸ்ட்ட எடுக்கச் சொன்னா?

அண்ணி: சொல்லு. டாக்டர் கேக்கறாங்கல்ல, சொல்லு.

நாத்தனார்: யாரும் சொல்லல டாக்டர். நான் லேப் டெக்னீஷியன். ஒரு புது கிட் வந்துச்சு, அதுக்கு நார்மல் சாம்பிள் தேவைப்பட்டுச்சு… அண்ணன் பொண்ணுதானேன்னு…

டாக்டர்: சரி பாக்கறதுக்குன்னு கிட்டோடயே கன்ட்ரோல் ட்யூப் வருமே?

நாத்தனார்: வரும் டாக்டர்… எங்க மேனேஜர் கொஞ்சம் கூடுதலாவே பாக்கச் சொல்லுவாரு.

டாக்டர்: குழந்தை ரத்தத்தயா?

நாத்தனார்: இல்ல, அது… நானா எடுத்தது.

டாக்டர்: வெளிய தெரிஞ்சா உங்க வேலைக்கே ஆபத்து, தெரியுமா?

நாத்தனார்: தெரியும் டாக்டர்.

டாக்டர்: தெரிஞ்சே பண்ணீங்களா! சரி, அத அப்புறம் பேசறேன். நீங்கதான் அம்மாவா? நான் கேக்கறதுக்கு ஆமா இல்லன்னு சொல்லுங்க. அடிக்கடி காய்ச்சல்?

அண்ணி: இல்ல டாக்டர்.

டாக்டர்: காலையில எழுந்திரிக்கும்போது கை கால் பிடிச்ச மாதிரி, நொண்டி நொண்டி நடக்கறது?

அண்ணி: காலையில எழுப்பறதே பெரும்பாடு. எழுந்துட்டா பிடிக்க முடியாது.

டாக்டர்: வெயில்ல போனா முகம் சிவந்து தடிக்குதா?

அண்ணி: இல்ல. பாத்துட்டேதான் இருக்கேன். பொறந்ததுலேருந்து பாத்துட்டுத்தான்…

டாக்டர்: பொறந்ததுலேருந்தா?

அண்ணி: இல்ல, அம்மான்னா பாப்போம்ல டாக்டர், அதச் சொன்னேன்.

டாக்டர்: முடி கொட்டறது? வாய்ப்புண்?

அண்ணி: இல்ல.

டாக்டர்: வாயத் திறடா கண்ணு. நல்லா ஆ…

அண்ணி: ஐயோ டாக்டர், நாக்கு நீலமா இருக்கே! காலையில இப்படி இல்ல!

டாக்டர்: இரும்மா. என்ன கண்ணு இது?

வாலு: பேனா. கடிச்சேன்.

அண்ணி: உன்ன…!

டாக்டர்: பேனாவுக்கு மருந்து இல்ல. கைய நீட்டு. மூடு. என் விரல எவ்வளவு முடியுமோ அவ்வளவு நசுக்கு… ஆஆ! போதும் போதும், விடு. குத்தவச்சு உக்காரு. கைய ஊனாம எழுந்திரு. நுனிக் கால்ல நட. அந்த வெயிட் மிஷின்ல ஏறு, குதிக்காம. சரி. …யூரின் நுரையா போகுதா? கால், முகம் வீங்கறது?

அண்ணி: நேத்துலேருந்து பாத்ரூம் கதவுகிட்டதான் டாக்டர் நிக்கறேன். "எதுக்கும்மா வந்து வந்து பாக்கற"ன்னு இவ என்னை விரட்டறா.

டாக்டர்: விரட்டட்டும். கண்ணு, நீ வெளிய போய் அந்த நர்ஸ் அக்காகிட்ட ஒரு ஸ்டிக்கர் கேட்டு வாங்கிட்டு, மீன் பாத்துட்டு இரு. …இப்ப கேளுங்க. உங்க பொண்ணுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல. மூட்டு நல்லா இருக்கு, தோல் நல்லா இருக்கு, வயசுக்கேத்த உயரம், எடை.

அண்ணி: அப்ப பாசிட்டிவ்?

டாக்டர்: அதுவும் உண்மைதான்.

அண்ணி: எனக்குப் புரியல டாக்டர்.

டாக்டர்: நல்லா இருக்கற நூறு குழந்தைங்களோட ரத்தத்த எடுத்து இந்த டெஸ்ட்டப் பண்ணினா, பத்துப் பதினஞ்சு பேருக்காவது பாசிட்டிவ்னு வரும். சளி காய்ச்சல் வந்துட்டுப் போனாக்கூட சில நாளைக்கு வரும். பெரும்பாலான குழந்தைங்களுக்கு அது பாட்டுக்கு ரத்தத்துல இருந்துட்டுப் போயிடும். அவங்க வளந்து, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுப்பாங்க. இருந்ததே தெரியாது.

அண்ணி: மிச்ச குழந்தைங்களுக்கு?

டாக்டர்: ரொம்பக் கொஞ்சம் பேருக்குப் பின்னாடி ஏதாவது வரலாம். யாருக்கு வரும்னு இந்தக் காகிதத்த வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு இத எடுக்கவே மாட்டோம். எதுக்கு எடுத்தோம்னு தெரியாம எடுத்தா, வந்தத வச்சு என்ன பண்றதுன்னும் தெரியாது. பாருங்க, இப்ப நாம மூணு பேரும் முழிச்சுட்டு உக்காந்திருக்கோம்.

நாத்தனார்: மருந்து ஏதாவது முன்னாடியே…

டாக்டர்: எதுக்கு? காகிதத்துக்கா மருந்து கொடுக்க முடியும்? ஒண்ணும் வேணாம். இதே டெஸ்ட்ட மறுபடி மறுபடி போட்டுப் பாக்கவும் வேணாம். முக்கியமா நீங்க, கைய வச்சுட்டு சும்மா இருக்கணும்.

நாத்தனார்: சரி டாக்டர்.

டாக்டர்: ஒண்ணு மட்டும் கேக்கணும். குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது? லூப்பஸ், முடக்குவாதம், தைராய்டு, சின்ன வயசுலயே சுகர்?

அண்ணி: இல்ல.

டாக்டர்: சட்டுனு சொல்லிட்டீங்களே. யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வழியில, அம்மா, அக்கா தங்கச்சி, நீங்க…

அண்ணி: யாருக்கும் இல்ல டாக்டர்.

டாக்டர்: அப்பா வழியில?

நாத்தனார்: எங்கம்மாவுக்கு தைராய்டு உண்டு. அறுவதுக்கு மேலதான் வந்துச்சு. வேற… எங்க பக்கம் யாருக்கும் இல்ல.

டாக்டர்: நல்லது. அப்ப இந்தக் காகிதத்த மடிச்சு பீரோவுல வச்சுட்டு மறந்துடுங்க.

அண்ணி: ஒருவேள இருந்திருந்தா?

டாக்டர்: இருந்திருந்தா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன். உடம்பப் பாப்பேன், யூரின் பாப்பேன், தேவைன்னா இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட். அப்பவும் மருந்து கிடையாது. கண்ணு மட்டும் குழந்தை மேல இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணி: அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வந்தே தீருமா டாக்டர்? சும்மா கேக்கறேன். நெட்ல போட்ருந்துது.

டாக்டர்: வந்தே தீரும்னு இல்ல. பெரும்பாலும் வராது. ரத்தத்துல மட்டும் இந்த மாதிரி காட்டறது உண்டு. …வேற ஏதாவது சொல்லணுமாம்மா?

அண்ணி: இல்ல டாக்டர். அவ்வளவுதான்.

டாக்டர்: ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஏதாவது கேக்க விட்டுப்போச்சுன்னா வாங்க.

*

நாத்தனார்: இந்தக் கறுப்பு நல்லா இருக்கு. கால நீட்டு வாலு. கட்டை விரல் இடிக்குதா? …அங்க கண்ணாடி முன்னாடி நடந்து பாரு. ஒத்தச் செருப்போட ஓடாத! கடைக்காரர் திட்டுவாரு.

அண்ணி: மணி என்ன?

நாத்தனார்: பன்னெண்டே கால். என்ன அண்ணி, டாக்டரே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, உங்க முகம் இன்னும் தெளியலையே.

அண்ணி: தெளிஞ்சுதான் இருக்கு.

நாத்தனார்: செருப்புப் பெட்டிய வெறிச்சுப் பாத்துட்டே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அண்ணி: அந்த அம்மா பீரோவுல வச்சுட்டு மறந்துடுன்னு சொன்னாங்கல்ல…

நாத்தனார்: ஆமா. மறந்துடுங்க.

அண்ணி: அது… யாருக்கும் இல்லன்னா மறந்துடுன்னுதான சொன்னாங்க.

நாத்தனார்: ஆமா.

அண்ணி: தப்பா சொல்லியிருந்தா?

நாத்தனார்: யாரு தப்பா சொன்னது? டாக்டரா?

அண்ணி: …இந்தக் கடையில ஏசியே போடலையா? வேர்க்குது.

நாத்தனார்: நல்லாத்தான் போட்ருக்கு. தண்ணி குடிங்க. …அண்ணி, ஏன் எழுந்துட்டீங்க?

அண்ணி: நான் திரும்பிப் போகணும்.

நாத்தனார்: எங்க?

அண்ணி: டாக்டர்கிட்ட. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு.

நாத்தனார்: என்ன விட்டுப்போச்சு? எல்லாம்தான் கேட்டாங்களே.

அண்ணி: நீ இவளப் பாத்துட்டு இங்கயே இரு. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்.

நாத்தனார்: நானும் வரேன்.

அண்ணி: வேணாம்.

நாத்தனார்: ஏன் வேணாம்?

அண்ணி: உன் முன்னாடி சொல்ல முடியாதுன்னுதானே அங்கயே சொல்லாம வந்தேன்!

நாத்தனார்: மெதுவாச் சொல்லுங்க. அவ அந்தப் பக்கம் போயிட்டா. கேக்காது.

அண்ணி: நீ உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவ.

நாத்தனார்: சொல்லுங்க அண்ணி.

அண்ணி: அந்தப் பச்ச பாட்டில் இருக்குல்ல… முடி வளர்றதுக்குன்னு நான் தினம் ஒண்ணு போட்டுக்கறேனே…

நாத்தனார்: ம்.

அண்ணி: அது முடிக்கு இல்ல. ஒரு தடவ நீ, "எனக்கும் கொட்டுது, ஒண்ணு கொடுங்க"ன்னு கேட்டியே, அன்னிக்கு எனக்கு உயிரே போயிடுச்சு. தீந்து போச்சுன்னு சொல்லிட்டு, பாட்டில அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சேன். நாலு நாள் மாத்திரைய அரிசிக்குள்ள துழாவித்தான் எடுத்தேன். எனக்கு லூப்பஸ். நீ சொன்னியே, காவலுக்கு இருக்கறவங்களே உடம்ப அடிக்கறது, அதான். இருவத்தோரு வயசுலேருந்து. முகமெல்லாம் சிவந்து, விரல மடக்க முடியாம, தலைய வாரினா சீப்பு நிறைய முடி. ஆறு மாசம் படுத்த படுக்கை. அப்புறம் மாத்திரையில அடங்கிடுச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கேன். பாக்கற யாருக்கும் தெரியாது. உங்க யாருக்கும் தெரியலையே, ஒம்பது வருஷமா.

நாத்தனார்: கல்யாணத்துக்கு முன்னாடியே…

அண்ணி: முன்னாடியேதான். நீங்கெல்லாம் பொண்ணு பாக்க வந்தப்ப, "வாயத் திறக்காத, கல்யாணம் ஆனதும் சொல்லிக்கலாம்"னு எங்கம்மா சொன்னாங்க. ஆனதும், "ஒரு குழந்தை பொறக்கட்டும், அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாங்க. பொறந்தா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? "இத்தன நாள் ஏன்டி சொல்லல"ன்னு கேட்டா எங்கிட்ட என்ன பதில் இருக்கு? நாள் ஆக ஆக இன்னும் மோசமாத்தான் ஆச்சு.

நாத்தனார்: வருஷா வருஷம் கண்ணாடி மாத்தணும்னு போவீங்களே…

அண்ணி: இந்த மாத்திரை போடறவங்க கண்ண வருஷா வருஷம் காட்டணும். மாசமா இருந்தப்ப வாந்தி தாங்கலன்னு எங்கம்மா வீட்லயே கிடந்தேனே, அதுவும் வாந்தி இல்ல. அங்கதான் என் டாக்டர் இருந்தாரு. எல்லாம் பொய். நான் வாயத் திறந்தாலே பொய்தான்.

நாத்தனார்: அண்ணி, கண்ணத் தொடைங்க. அவ பாக்கறா. …ஆமாடி வாலு, சூப்பரா இருக்கு! இன்னொரு ஜோடியும் போட்டுப் பாரு!

அண்ணி: இவ பொறந்த அன்னிக்கு முகத்தத்தான் முதல்ல பாத்தேன். சிவப்பு இருக்கான்னு. தினம் பாக்கறேன். விரல எண்ணி எண்ணி மடக்கிப் பாப்பேன், விளையாடற மாதிரி. ரத்தத்த மட்டும் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன். பாத்து இருக்குன்னு வந்துட்டா நான் என்னடி பண்ணுவேன்? தெரியாமயே இருக்கட்டும்னு விட்டேன். நீ எங்கேருந்தோ ஒரு கிட்டத் தூக்கிட்டு வந்து, ஒரு ஐஸ்கிரீம்ல முடிச்சுட்ட. இப்ப நான் இல்லன்னு சொன்ன பொய்யால அந்த டாக்டர் என் புள்ளைய மறந்துடப் போறாங்க. எனக்காக எத்தன பொய் வேணாலும் சொல்லிக்குவேன். இது இவ உடம்பாச்சே. அதனால போய் சொல்லணும். அவங்க ஃபைல்ல எழுதணும். எழுதினா உங்க அண்ணனுக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும். தெரியட்டும். வீட்ட விட்டுப் போன்னு சொன்னா போறேன். இவள ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்து காட்டினா போதும்.

நாத்தனார்: யாரு உங்களப் போகச் சொல்லப் போறாங்க?

அண்ணி: நீயே சொல்லுவ. சொல்லு. ஏமாத்திட்டன்னு சொல்லு. எங்க அண்ணன் வாழ்க்கையக் கெடுத்துட்டன்னு கத்து. நான் காலையிலேருந்து உன்ன என்னென்ன கத்தினேன்!

நாத்தனார்: கத்தற மாதிரி இல்ல அண்ணி.

அண்ணி: ஏன் இல்ல? நான் ஒம்பது வருஷத்துப் பொய்ய எடுத்துப் போட்ருக்கேன், நீ என்னவோ நான் பஸ்ஸத் தவற விட்டுட்டேன்னு சொன்ன மாதிரி உக்காந்திருக்க. உனக்குத் தூக்கி வாரிப் போடவே இல்லையா?

நாத்தனார்: போட்டுது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி.

அண்ணி: …என்ன?

நாத்தனார்: உங்க அம்மா வீட்டுப் பக்கம் நீங்க ரத்தம் கொடுக்கற லேப் ரொம்பச் சின்னது அண்ணி. இந்த டெஸ்டெல்லாம் அங்க கிடையாது. ட்யூப எங்களுக்குத்தான் அனுப்புவாங்க. உங்க அப்பா இனிஷியல், உங்க பேரு, உங்க வயசு, உங்க போன் நம்பர். மூணு மாசத்துக்கு ஒரு தடவ மிஷின்ல போடறது நான்தான். போன ஆடியிலேருந்து… இல்ல, போன வருஷத்துலேருந்து ரிப்போர்ட் ரொம்ப நல்லா வருது உங்களுக்கு.

அண்ணி: அஞ்சு வருஷமா… உனக்குத் தெரியுமா? யாருகிட்டயும்…

நாத்தனார்: அண்ணன்கிட்ட கூடச் சொல்லல. டாக்டர் கேட்டப்பவும் நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்.

அண்ணி: இரு… எனக்கு இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, என் வயித்துல பொறந்த புள்ள ரத்தத்தயா நார்மல்னு எடுத்த?

நாத்தனார்: நார்மல்னு எடுக்கல அண்ணி. புது கிட்டும் வரல, பத்துப் பேரும் இல்ல. போன மாசம் அவ வெயில்ல விளையாடிட்டு முகம் சிவந்து வந்தா, நீங்க வர்றதுக்குள்ள தணிஞ்சுடுச்சு, நான் பாத்துட்டேன்… உங்ககிட்ட கேக்க வாய் வரல, அவகிட்ட ரத்தத்த எடுத்துட்டேன்.